ஐந்து மணிக் கப்பல்

கப்பலில் வரும் பயணிகள் ஊரிலிருந்து புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே எனக்கு மின்னஞ்சல் எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். பத்துமலையில் எத்தனை படிகள், என்ன உடுத்திக்கொள்ள வேண்டும், சாப்பாடு ரொம்பக் காரமாக இருக்குமா, வழியில் கழிவறை உண்டா. ஓர் அம்மாள் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. "நாங்கள் திரும்பி வரத் தாமதமானால் கப்பல் காத்திருக்குமா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

நான் கிள்ளானில் இருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடங்களாக உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி. காலையில் துறைமுகத்துக்கு வந்து மாலையில் போய்விடும் கப்பல்களிலிருந்து இறங்குபவர்களில் இரண்டு பேரையோ நான்கு பேரையோ அழைத்துக்கொண்டு கோலாலம்பூரைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். கப்பல்காரர்களே பேருந்துகளில் கூட்டிப்போகும் பயணங்களும் உண்டு. அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். என்னைப் போன்ற ஆளைத் தனியாக அமர்த்திக்கொண்டால் காத்திருக்காது. ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். இதை அப்படியே அவருக்கு எழுதினேன். அதனால்தான் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கொண்டுவந்து சேர்த்துவிடுவேன், இதுவரை என்னோடு வந்த யாரும் கப்பலைத் தவறவிட்டதில்லை என்றும் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதினார். "இருவரில் ஒருவர் மட்டும் வந்து, இன்னொருவர் வரவில்லை என்றாலும் காத்திருக்காதா?"

காத்திருக்காது என்றேன்.

"அப்படி யாராவது தங்கிவிட்டால் உங்கள் நாட்டில் அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

வயதானவர்களின் பயம் என்று நினைத்துக்கொண்டேன். தூதரகம் இருக்கிறது, நல்ல மருத்துவமனைகள் இருக்கின்றன என்று எழுதிவிட்டு, கடைசியில், "நான் இருக்கிறேன், எதற்கும் கவலைப்படாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்தேன். எல்லாருக்கும் எழுதுகிற வரிதான். அந்த அம்மாளுக்கு மட்டும் அதை எழுதியிருக்கக் கூடாது.

கப்பல் வந்த அன்று காலை எட்டரை மணிக்கு துறைமுக முனைய வாசலில் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் கடைசியாகத்தான் வெளியே வந்தார்கள். அந்த அம்மாள் குள்ளமாக, முடியை ஒட்ட வெட்டி, எழுபது வயதுக்குப் பக்கத்தில் இருந்தார். கணவர் நல்ல உயரம். வெயிலுக்கான தொப்பி போடாமல் நீல நிறத்தில் ஒரு பழைய சீருடைத் தொப்பி போட்டிருந்தார். முதுகில் ஒரு பெரிய பை. ஒரு நாள் பயணத்துக்கு அவ்வளவு பெரிய பையை யாரும் தூக்கி வருவதில்லை.

நான் பையைப் பார்ப்பதை அந்த அம்மாள் கவனித்துவிட்டார். "மாற்று உடை. சில நேரம் அவருக்குத் தேவைப்படும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. மூன்று வருடமாக," என்றார்.

என் வேன் ஓட்டுநர் கோலாலம்பூர் செந்தூல்காரர். அறுபது வயது இருக்கும். முன்பு லோரி ஓட்டியவர். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பெரியவர் நேராக அவரிடம் போய்க் கைகுலுக்கினார். "இந்தத் தடம் உனக்குப் பழக்கமா?" என்று கேட்டார்.

"தேர்ட்டி இயர்ஸ் சார்," என்றார் அண்ணன்.

பெரியவருக்குத் திருப்தி. முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, திரும்பி எங்களை விரலால் சுட்டி எண்ணினார். "எல்லாரும் ஏறிவிட்டார்கள். கிளம்பலாம்."

அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "பெரியவரு பஸ்ஸு ஓட்டுனவராம்மா?"

முப்பத்தைந்து வருடம் நகரப் பேருந்து ஓட்டியிருக்கிறார். அந்த அம்மாள்தான் சொன்னார். பனி கொட்டும் நாள்களிலும் ஒரு முறைகூட நேரம் தவறியதில்லையாம்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் நான் வழக்கமாகச் சொல்வதை ஆரம்பித்தேன். ரப்பர், ஈயம், ரயில்பாதை போட வந்தவர்கள். அந்த அம்மாள் கேட்பது போலத் தலையசைத்தாலும் கண்கள் என் முகத்திலேயே இருந்தன. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டார்.

"உங்கள் மக்கள் வயதானவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வீர்கள், இல்லையா?"

"பெரும்பாலும் அப்படித்தான்."

"யாரும் இல்லாதவர்கள்?"

"இல்லங்கள் இருக்கின்றன. கோயிலில் நடத்துகிறார்கள், தேவாலயத்தில் நடத்துகிறார்கள். யாரையும் தெருவில் விட்டுவிட மாட்டோம்."

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் கைப்பேசியை எடுத்து, என் கழுத்தில் தொங்கிய உரிம அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொண்டார். பிறகு என் முகத்தையும் ஒரு படம்.

"உங்களைப் பற்றி மற்ற பயணிகள் இணையத்தில் எழுதியதை எல்லாம் படித்தேன். நடக்க முடியாத ஒருவருக்கு நீங்களே குனிந்து செருப்பு மாட்டிவிட்டதாக ஒரு பெண் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகுதான் உங்களைத் தேர்ந்தெடுத்தேன்."

நன்றி சொன்னேன்.  

பத்துமலையில் வேனை விட்டு இறங்கியதும், தான் மட்டும் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார் அந்த அம்மாள். பெரியவரோடு நான் கீழே நிழலில் உட்கார்ந்துகொண்டேன். இளநீர் வாங்கிக் கொடுத்தேன். குரங்குகளைப் பார்த்து அவர் குழந்தை போலச் சிரித்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மணி கேட்டார். நான் சொன்னதும் கடிகாரம் இல்லாத மணிக்கட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். முக்கால் மணி நேரம் ஆனது. படிகளில் அந்த அம்மாளைத் தேடினேன். காணவில்லை. கூட்டத்தில் பார்வையை ஓட்டியபோது பூமாலைக் கடைக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் வேர்வை இல்லை, மூச்சு வாங்கவில்லை. அவர் படியே ஏறவில்லை. அங்கே நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கண்கள் சந்தித்ததும் நடந்து வந்தார். "உங்களோடு அமைதியாக இருக்கிறார்," என்றார். "வேறு யாரிடமும் இப்படி இருக்க மாட்டார்."

"நீங்கள் மேலே போகவில்லையா?"

"வெயில்," என்றார்.

பிரிக்பீல்ட்ஸில் சாப்பாடு. அங்கே போகும் வழியில் ஒரு சந்துக்குள் முதியோர் இல்லம் ஒன்று உண்டு. இரண்டு மாடிப் பழைய வீடு, வெளியே இரும்புக் கதவு, உள்ளே துவைத்துப் போட்ட கைலிகள். நான் காட்டியிருக்க வேண்டியதில்லை. காலையில் பேசியது நினைவிருந்ததால், "அதோ, நான் சொன்னேனே," என்று கையை நீட்டினேன். வேனை நிறுத்தச் சொன்னார் அந்த அம்மாள். இறங்கிப்போய்க் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். ஐந்து நிமிடம் நின்றிருப்பார். ஒரு பணிப்பெண் வந்து ஏதோ கேட்டார். இவர் திரும்பி வந்து ஏறிக்கொண்டார்.

அண்ணன் தமிழில் மெதுவாகச் சொன்னார். "என்னாம்மா இது, வெள்ளக்காரவங்க ஊர் சுத்திப் பாக்க வந்துட்டு ஓல்ட் ஃபோக்ஸ் ஹோமப் பாக்குறாங்க? எனக்கு ஒரு மாதிரியா இருக்குலா."

"வயசானவங்கண்ணே. எதையாவது நெனச்சுக்குவாங்க."

சாப்பாட்டுக் கடையில் பெரியவருக்கு வாழையிலை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த அம்மாள் அவருக்குச் சோற்றைப் பிசைந்து கரண்டியில் எடுத்துக் கொடுத்தார். தன் இலையில் கை வைக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஈரத்துணியால் அவர் வாயைத் துடைத்தார், விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார், சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார். எல்லாம் மிக மெதுவாக. பிறகு எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார்.

"எதிரில் மருந்துக்கடை பார்த்தேன். பத்து நிமிடத்தில் வருகிறேன்."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம். நீங்கள் அவரோடு இருங்கள்."

அப்போது மணி ஒன்றரை. இரண்டு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஒன்றே முக்காலுக்குப் பெரியவர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். என்னையும் அண்ணனையும் எண்ணினார். "ஒரு ஆள் குறைகிறது," என்றார்.

"வந்துவிடுவார்."

"ஆள் குறைந்தால் வண்டியை எடுக்கக் கூடாது."

இரண்டு மணிக்கு நான் எழுந்து மருந்துக்கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண், அப்படி யாரும் வரவில்லை என்றாள். பக்கத்தில் துணிக்கடை, அதற்குப் பக்கத்தில் பலகாரக் கடை, எங்கும் இல்லை. வாட்சப்பில் கூப்பிட்டேன். மணி அடிக்கவே இல்லை. செய்தி அனுப்பினால் ஒற்றைக் குறியோடு நின்றது. விழுந்து கிடக்கிறாரோ, யாராவது கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்களோ என்று ஓடினேன். முனையில் பூக்கடை போட்டிருந்தவர் கேட்டார்.

"யாரக்கா தேடுறீங்க? முடிய ஒட்ட வெட்டுன வெள்ளக்கார ஆன்டியா?"

"ஆமா. பாத்தீங்களா?"

"அவங்க அப்பவே டெக்சி ஏறிட்டாங்களே. ஒன்ற மணிக்கே. அழுதுக்கிட்டே போனாங்க. உங்க ஆளா?"

அந்த இடத்தில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மின்னஞ்சல்கள், படங்கள், பூமாலைக் கடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தது, எல்லாம்.

திரும்ப ஓடிவந்து பெரியவரின் பையைத் திறந்தேன். ஒரு மாதத்துக்கான மாத்திரைகள், நாள் வாரியாகப் பிரித்த பெட்டிகளில். இரண்டு பைஜாமா. ஒரு கம்பளிச் சட்டை. அவருடைய கடவுச்சீட்டு. கீழே பிளாஸ்டிக் உறையில் ஒரு கடிதம். உறையின் மேல் என் பெயர்.

கையெழுத்து நிதானமாக இருந்தது. அன்றைக்கு எழுதியதல்ல. அவருக்குத் தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரை. பின்னாலிருந்து தொட்டால் பயப்படுவார். மாலை ஆறு மணிக்கு மேல் பதற்றப்படுவார், வண்டி பணிமனைக்குப் போய்விட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் அடங்கிவிடுவார். இடது காதில் பேசினால்தான் கேட்கும். இப்படி ஒரு பக்கம் முழுக்க. அடுத்த பக்கத்தில் நான்கு வரிகள்தான். தன்னிடம் தெம்பு எதுவும் மீதி இல்லை என்றும், ஊரில் உள்ள இல்லங்களில் அவரைப் போன்றவர்களைக் கட்டிப் போடுவதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், எங்கள் மக்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நம்புவதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஆங்கிலம் படிக்க அவருக்குக் கொஞ்சம் வரும். "அடப்பாவமே," என்றார்.

"போலீசுக்குப் போவோமாண்ணே?"

"போனா ரிப்போர்ட் எழுதவே ரெண்டு மணி நேரம் ஆவும். கப்பல் போயிரும். அப்புறம் இந்த மனுசன் இங்கதான்." வானத்தைப் பார்த்தார். "மழ வேற வருது. நாலரைக்கு வாசல மூடிருவான். இப்ப எடுத்தா புடிக்கலாம். என்னா சொல்ற?"

"எடுங்கண்ணே."

பெரியவரை எழுந்திருக்க வைத்து வேனுக்கு அழைத்துப் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆள் குறைகிறது, வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். அண்ணன்தான் அவருடைய இடது பக்கமாகப் போய், "சார், அவங்க அடுத்த ஸ்டாப்புல ஏறுவாங்க," என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். பெரியவர் உடனே நடந்து வந்து முன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

மணி இரண்டு இருபத்தைந்து. நெடுஞ்சாலை ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. நம் பக்கத்து மத்தியான மழை எப்படி என்று தெரியுமே. துடைப்பான் அடித்தும் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாம் பாலத்தடியில் ஒதுங்கிக் கிடந்தார்கள். வண்டிகள் நகர்வதும் நிற்பதுமாக இருந்தன.

"நான்கு நிமிடம் தாமதம்," என்றார் பெரியவர்.

நான் பின்னால் உட்கார்ந்து செய்திகள் அனுப்பிக்கொண்டே இருந்தேன். அவரை அழைத்து வருகிறேன். தயவுசெய்து காத்திருங்கள். எல்லாம் ஒற்றைக் குறி.  எப்படி மனசு வந்தது என்று அண்ணனிடம் புலம்பினேன்.  சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என் குரலே பொய்யாகக் கேட்டது.

என் அப்பாவுக்கும் இதே நோய்தான். நான்கு வருடம் என்னோடு கிள்ளானில் இருந்தார். என்னைத் தன் அக்கா என்பார், சில நாள் திருடி என்பார். குளிக்க வைக்கப் போனால் அடிப்பார். ஒரு நாள் கிளினிக்கிலிருந்து திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனேன். தண்ணீர் வாங்கவில்லை. முனை திரும்பி, இரண்டு தெரு தள்ளிப் போய், ஒரு வங்கியின் வாசலில் நின்றேன். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் எனக்குக் குற்ற உணர்ச்சியே வரவில்லை. தோள் இரண்டும் லேசாக இருந்தன, அவ்வளவுதான். பிறகு திரும்பிப் போனேன். அவர் யாரோ கொடுத்த கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டார். ஏன் திரும்பிப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கப்பல் இல்லை. அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

ஷா ஆலாம் தாண்டும்போது கைப்பேசியைப் பார்த்தேன். நான் அனுப்பிய செய்திகள் அத்தனையும் ஒரே நேரத்தில் இரட்டைக் குறியாகி, நீல நிறமாயின. மணி மூன்றரை.

"படிச்சிட்டாங்கண்ணே."

"வைஃபை கெடச்சிருக்கு. அப்ப கப்பலுக்குள்ள போயிட்டாங்க," என்றார் அண்ணன்.

பதில் வரவில்லை. எழுதுகிறார் என்று மேலே காட்டியது. நின்றுவிட்டது. மறுபடி காட்டியது, மறுபடி நின்றுவிட்டது.

அப்போதுதான் இன்னொரு பயம் வந்தது. நான் இந்த மனிதரை எங்கே கொண்டுபோகிறேன்? கப்பலைப் பிடித்துவிட்டால் என் வேலை முடிந்தது. இவரை வேண்டாம் என்று விட்டுப் போன ஒருவரின் அறைக்குள், சுற்றிலும் கடல் இருக்கிற ஓர் இடத்துக்கு, நானே கைபிடித்துக் கொண்டுபோய் விடுகிறேன். முன் இருக்கையில் பெரியவர் சாலையையே பார்த்துக்கொண்டு, அண்ணன் பிரேக் போடும்போதெல்லாம் தானும் வலது காலை அழுத்திக்கொண்டிருந்தார்.

துறைமுகம் இருக்கும் தீவுக்குப் போகும் பாலத்தில் கொள்கலன் லோரிகள் வரிசை கட்டி நின்றன. அண்ணன் எப்படியோ புகுந்து புகுந்து ஓட்டினார். நான்கு இருபதுக்கு முனைய வாசலில் நிறுத்தினார். மழை விட்டிருந்தது. மற்ற வேன்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. கப்பல் மட்டும் கட்டடத்துக்கு மேலாக வெள்ளையாக நின்றது.

பயணிகளைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. காவலரிடம் மலாயில் கெஞ்சினேன். அவர் வாக்கி-டாக்கியில் பேசி, கப்பல் அதிகாரி ஒருவரை வரவழைத்தார். வெள்ளைச் சீருடை, இளைஞர், மரியாதையாகப் பேசினார். பெரியவரின் கப்பல் அட்டையை வாங்கிப் பார்த்து, "இவருடைய மனைவி கவலையாக இருக்கிறார். மூன்று மணிக்கே வந்துவிட்டார். கூப்பிட்டிருக்கிறோம்," என்றார்.

 கடிதம் என் கையில்தான் இருந்தது. மடித்துப் பிடித்திருந்தேன்.

அந்த அம்மாள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தார். நேராகப் போய்ப் பெரியவரைக் கட்டிக்கொண்டார். "எங்கே போனாய்? சந்தைக் கூட்டத்தில் உன்னைத் தொலைத்துவிட்டேன். நீ முன்னாலேயே வந்திருப்பாய் என்று நினைத்துத்தான் நான் வந்தேன்!" குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். "எத்தனை நல்ல வழிகாட்டி, பாருங்கள். தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்துவிட்டார்."

அதிகாரியும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பெரியவர் முகம் மலர்ந்திருந்தது. விரலால் மனைவியைச் சுட்டி, பிறகு தன்னைச் சுட்டினார். "இப்போது சரியாக இருக்கிறது," என்றார்.

அந்த அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பார்ப்பவர்களுக்கு நன்றி சொல்வது போல இருந்திருக்கும். விரல்கள் மடித்த காகிதத்தைத் தடவின. அதை வாங்கிக்கொள்ள இழுத்தார். நான் விடவில்லை. அவர் கண்களில் கெஞ்சல் இருந்தது. அதற்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. அதை வெறுப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். திரும்பக் கொண்டுவந்ததற்காக.

"மேடம், நேரமாகிறது," என்றார் அதிகாரி.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடிதத்தை அந்த இளைஞரிடம் நீட்டியிருக்கலாம். இன்று என்றால் நீட்டியிருப்பேன். அன்று எனக்கு வங்கி வாசல்தான் நினைவுக்கு வந்தது. நான் யார் இவரைக் காட்டிக்கொடுக்க என்று தோன்றியது. அவர்கள் கைகோத்தபடி கதவுக்குள் போனார்கள். பை மறுபடி பெரியவரின் முதுகில் ஏறியிருந்தது.

வேனில் வந்து உட்கார்ந்ததும் அண்ணன் கேட்டார். "கடுதாசியக் குடுத்துட்டியா?"

"இல்லண்ணே."

அவர் சாவியைத் திருகவில்லை. வெகுநேரம் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு பினாங்கு," என்றார். "அதுக்கப்புறம் எங்கெங்கயோ. ஒவ்வொரு ஊர்லயும் எறங்குவாங்க, இல்ல?"

 அடுத்த இரண்டு நாளும் அவர் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே அந்த அம்மாளுக்குச் செய்தி அனுப்பினேன். கடிதம் என்னிடம் இருக்கிறது. நாளை பினாங்கில் என் தோழி ஒருத்தி, அவளும் வழிகாட்டி, கப்பல் வாசலில் நிற்பாள். உங்கள் வாட்சப்பில் இருந்த படத்தை அனுப்பியிருக்கிறேன், உங்கள் இருவரின் முகமும் அவளுக்குத் தெரியும். இவ்வளவுதான் எழுதினேன். திரும்பப் படித்தபோது மிரட்டல் போல இருந்தது. மிரட்டல்தான்.

தோழி மறுநாள் கூப்பிட்டாள். "ரெண்டு பேரும் பத்து மணிக்கு எறங்குனாங்கடி. எங்கயும் போகல. ஜெட்டிக்கு வெளியில ஒரு பெஞ்சுல உக்காந்து தேத்தண்ணி குடிச்சாங்க. அவரு போற வர பஸ்ஸையெல்லாம் எண்ணிக்கிட்டிருந்தாரு. அரை மணி நேரத்துல திரும்பிப் போயிட்டாங்க. அந்த அம்மா என்னையப் பாத்துட்டாங்கன்னு நெனைக்கிறேன். ஒரு மாதிரி பாத்தாங்க. எனக்குச் சில்லுன்னு ஆயிருச்சி."

பினாங்குக்கு அப்பால் எனக்கு யாரையும் தெரியாது. அன்றிலிருந்து செய்தித்தாளில் கப்பல் என்ற சொல்லைக் கண்டாலே முழுவதையும் படிப்பேன். கடலில் தவறி விழுந்த பயணி என்று எங்கோ ஒரு செய்தி வந்தால் வயதைத் தேடுவேன். வேறு துறைமுகங்களின் பெயர்களை இணையத்தில் போட்டு, ஆதரவற்ற நிலையில் முதியவர் என்று தேடிப் பார்ப்பேன். கப்பல் நிறுவனத்துக்கு எழுத உட்கார்ந்து, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று மூடிவைத்தேன். நாள் ஆக ஆக அது இன்னும் கடினமாகிப்போனது. என் செய்திக்கும் பதில் வரவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து வந்தது. வேறு எண்ணிலிருந்து. அவர் இப்போது ஓர் இல்லத்தில் இருக்கிறார், வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம், தினமும் போகிறேன் என்று எழுதியிருந்தார் அந்த அம்மாள். "என் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்த ஒரு மதியத்தைத் தவிர. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள்."

படிக்கும்போது எனக்கு நிம்மதி வரவில்லை. முனைய வாசலில் அவர் எத்தனை அழகாகப் பொய் சொன்னார் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரியவரின் படம் ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டேன். மூன்று நாள் எதுவும் வரவில்லை. நான்காம் நாள் ஒரு படம் வந்தது. சன்னலோரம் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். நீலத் தொப்பி இருந்தது. படம் எடுத்தவரைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டவில்லை.

அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிறைய நேரம் பார்த்தார். "உயிரோட இருக்காரு," என்றார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டயருக்குக் காற்றுப் பார்க்கப் போய்விட்டார்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன், கவலைப்படாதீர்கள் என்று அந்த அம்மாளுக்குப் பதில் எழுதினேன்.

கிழிக்கவில்லை. அலமாரியில், அப்பாவின் கிளினிக் அட்டைகள் இருக்கிற உறைக்குள் இருக்கிறது. அந்த இல்லத்தில் யாராவதோ அவருடைய மகளோ என்றைக்காவது அந்த மதியத்தைப் பற்றி என்னிடம் கேட்பார்கள் என்றுதான் வைத்திருக்கிறேன். கேட்டால் கொடுப்பேனா என்று எனக்குத் தெரியாது.